மார்கழி, தையில் மலை ஏற: ஏலகிரியா, ஜவ்வாதா?

வேலூரில் பீரோவிலிருந்து ஸ்வெட்டர் வெளியே வருவது மார்கழியிலும் தையிலும்தான். அந்தச் சமயத்தில் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினால், எந்த மலைக்குக் கூட்டிப்போவது என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். எங்கள் கணக்கு இது: பகலுக்கு ஏலகிரி, இரவுக்கு ஜவ்வாது. பஸ்ஸை நம்பிப் போகிறவர்களும், முழங்கால் வலியுள்ள பெரியவர்களோடு போகிறவர்களும் யோசிக்காமல் ஏலகிரிக்குப் போகலாம். சொந்த வண்டியும் ஒரு சனிக்கிழமையும் கையில் இருந்தால் ஜவ்வாதுதான்.

ஏலகிரிக்கு வழி எளிது. ஆம்பூர், வாணியம்பாடி வரை தேசிய நெடுஞ்சாலை, அங்கிருந்து திருப்பத்தூர் சாலையில் பொன்னேரி கூட்டுரோடு, பிறகு 14 கொண்டை ஊசி வளைவுகள். வேலூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், காரில் இரண்டு மணி நேரம். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பின்சீட்டுப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வந்தால் வாந்தி ஞாபகம் கொஞ்சம் தள்ளிப்போகும். ரயிலில் வந்தால் ஜோலார்பேட்டையில் இறங்க வேண்டும். ஏலகிரி எக்ஸ்பிரஸ் என்ற பெயரை நம்பி டிக்கெட் போடாதீர்கள்: அது சாயங்காலம் சென்னையில் கிளம்புகிற வண்டி, காலையில் மலை ஏற நினைப்பவருக்கு உதவாது.

ஜவ்வாதுக்கு இரண்டு பாதை. போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறலாம். வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் காவலூர் போய் அங்கிருந்தும் ஏறலாம். எதில் போனாலும் போளூரிலோ ஆலங்காயத்திலோ டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். கையில் ரொக்கமும் வேண்டும். மலைமேல் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், போனைக் காட்டிப் பணம் கட்டலாம் என்ற நம்பிக்கை பாதி வழியில் கைவிடும்.

குளிரைப் பொறுத்தவரை எல்லாரும் ஏலகிரியைத்தான் சொல்வார்கள். வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சம், ஏலகிரி ஏறக்குறைய 1,100. கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்குப்படி, ஊரைவிட ஐந்தாறு டிகிரி குறைவாக இருக்கும். காவலூர் 700 மீட்டரை ஒட்டியது, அதனால் மூன்று டிகிரிதான் குறைய வேண்டும். ஆனால் மேகமில்லாத தை மாத இரவில் தரை சூட்டை வேகமாக விட்டுவிடும், குளிர்ந்த காற்று பள்ளத்தில் வந்து தங்கும். விடியற்காலையில் ஜவ்வாதின் பள்ளத்தாக்குக் கிராமங்களில் கணக்கு சொல்வதைவிட அதிகமாகவே நடுங்கும். குரங்குக் குல்லா, சாக்ஸ் இரண்டும் அங்கேதான் அதிகம் தேவை.

ஏலகிரியில் புங்கனூர் ஏரிப் படகு குழந்தைகளுக்குப் போதும். பொங்கல் விடுமுறையில் படகுக்கு நிற்கும் வரிசையே அரை நாளைத் தின்றுவிடும், வார நாளில் போங்கள். அதைவிட உருப்படியானது மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலை ஏறுவது. இங்கே பலர் செய்யும் தப்பு, சூரிய உதயம் பார்க்க இருட்டிலேயே கிளம்புவது. மார்கழியில் உச்சியில் நின்றால் ஒன்பது மணி வரை வெள்ளைத் துணி போர்த்தியதுபோல் பனிதான் இருக்கும், கீழே வாணியம்பாடிப் பக்கம் ஒன்றும் தெரியாது. எட்டு மணிக்கு அடிவாரத்தில் நடக்க ஆரம்பித்தால் பனி விலகும் நேரமும் நீங்கள் உச்சி சேரும் நேரமும் ஒத்துப்போகும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். குளிரில் தாகம் தெரியாது, இறங்கும்போதுதான் தலைவலி வரும்.

அருவி விஷயத்தில் ஏலகிரி ஏமாற்றும். ஜலகாம்பாறை ஏலகிரியின் அருவி என்பது சரிதான், ஆனால் மேலிருந்து வண்டிப் பாதை கிடையாது. நிலாவூர்ப் பக்கமிருந்து காட்டுவழி இறங்க வேண்டும், இல்லையென்றால் மலையை விட்டே இறங்கித் திருப்பத்தூர் வழியாகச் சுற்றிவர வேண்டும். ஜவ்வாதின் பீமன் அருவி ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டுமே வடகிழக்கு மழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்திருந்தால் பொங்கல் வரை தண்ணீர் விழும், மாசியில் நூலாகிவிடும். தண்ணீர் குறையக் குறைய ஆபத்தும் குறையும் என்று நினைக்க வேண்டாம்: பாசி பிடித்த பாறை வெளியே தெரிவதே அப்போதுதான், ரப்பர் செருப்போடு கால் வைத்தால் வழுக்கும்.

இனி காவலூர். ஜவ்வாதுக்கு ஓட்டுப்போட வைப்பது இதுதான். வைணு பாப்பு வானாய்வகம் 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை வைத்திருக்கிறது. 1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. பொதுமக்களுக்குச் சனிக்கிழமைதான். நேரமும், இரவில் காட்டுவதும் வானத்தையும் பருவத்தையும் பொறுத்து மாறும். கிளம்புவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய தொலைநோக்கியில் கண் வைக்க விடமாட்டார்கள், அது ஆராய்ச்சிக்கு. பார்வையாளர்களுக்குச் சின்னத் தொலைநோக்கிதான், அதுவே போதுமானது.

எந்தச் சனிக்கிழமை என்பதைத் தினசரிக் காலண்டர் சொல்லும். நிலாவின் குழிகளைப் பார்க்க வளர்பிறை சப்தமி, அஷ்டமியை ஒட்டிப் போங்கள். பௌர்ணமியில் நிழலே விழாது, நிலா தட்டையாகத் தெரியும். நட்சத்திரக் கூட்டங்களுக்கு அமாவாசையை ஒட்டிய சனி. தை மாதத்தில் இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தெற்கே தாழ்வாக அகத்திய நட்சத்திரம் நிற்கும்; கார்த்திகைக் கூட்டமும் சிரியஸும் வெறும் கண்ணுக்கே தெரியும். இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒருவர் போன் திரையை ஏற்றினால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டு போங்கள்.

திரும்பும் வழியைத்தான் யாரும் யோசிப்பதில்லை. காவலூரிலிருந்து ஆலங்காயம் வழியாக வேலூர் வர இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, அந்த நேரத்தில் பனியும் இறங்கும். ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோ பீமும் பொறுமையும்தான் வழி. கண்ணாடி உள்பக்கம் பூத்தால் துணியால் துடைத்துப் பயனில்லை, ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வர வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறி, கருகிய வாடை வரும், மிதி தளரும். வாடை வந்த இடத்திலேயே ஒதுக்கி நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜின் பிடிப்பு குறைவு. அதை ஏலகிரி வளைவுகளுக்கும் சிபாரிசு செய்யமாட்டோம்.

வாங்கி வருவதற்கு ஜவ்வாதில் சாமையும் தேனும். தீட்டாத சாமை கொஞ்சம் பழுப்பாக இருக்கும், வெள்ளை வெளேரென்று இருந்தால் தவிடு போய்விட்டது. தேன் குளிரில் அடியில் சர்க்கரைபோல் உறைந்தால் கலப்படம் என்று சண்டைக்குப் போகாதீர்கள், நல்ல தேனும் உறையும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். ஏலகிரிக்குப் போகிறவர்களுக்கு வழியில் ஆம்பூர் பிரியாணி இருக்கிறது, ஏறும்போது வேண்டாம், இறங்கிய பிறகு.

இரண்டையும் ஒரே நாளில் முடிக்க ஒரே வழிதான் உண்டு: காலையில் ஏலகிரி, மதியம் இரண்டரைக்குள் இறக்கம், வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகச் சாயங்காலம் காவலூர். ஜமுனாமரத்தூரையும் அருவியையும் இதில் சேர்த்தால் எதையும் பார்க்கமாட்டீர்கள். அரை நாள்தான் இருக்கிறது என்றால் இரண்டு மலையையும் விட்டுவிட்டு, ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாலமதிக்கோ, பிள்ளைகள் இருந்தால் அமிர்தி மிருகக்காட்சிச் சாலைக்கோ போய்வாருங்கள்.