பட்டியல் முதலா, பணம் முதலா? பிள்ளைகளுக்கு ஊட்டச்சத்தைக் கற்பிக்கும் இரு வழிகள்

ஊட்டச்சத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க, வீட்டின் ஒரு வாரச் சமையல் திட்டத்தையும் அதற்கான செலவையும் அவர்கள் பொறுப்பிலேயே விட்டுப் பார்ப்பது நல்ல முறை. இதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். சிலர், வாரம் முழுவதும் என்ன சமைப்பது என்று பிள்ளையை முதலில் எழுதச் சொல்லி, பிறகு விலையைப் பார்க்கிறார்கள். வேறு சிலர், இவ்வளவுதான் பணம் என்று கையில் கொடுத்துவிட்டு, அதற்குள் என்ன சமைக்கலாம் என்பதை யோசிக்கச் சொல்கிறார்கள். வரிசை மட்டும்தான் மாறுகிறது என்று தோன்றும்; ஆனால் பிள்ளை கற்றுக்கொள்வது இரண்டிலும் ஒன்றல்ல.

பட்டியலை முதலில் எழுதும் வழிக்கு ஓர் அளவுகோல் வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி அதற்குப் போதும். நாளொன்றுக்கு 2,000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி என்று அது வகுக்கிறது. சமைக்காத எடையில் தானியத்தைவிடக் காய்கறி ஒன்றரை மடங்குக்கும் மேல் இருக்க வேண்டும் என்பதைக் காணும் பிள்ளை, தன் டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதத்தின் ஓரத்தில் கிடக்கும் நான்கு உருளைத் துண்டுகளை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கும். இந்த வழியின் பலம் அதுதான். எது குறைகிறது என்பது எழுத்தில் தெரிந்துவிடுகிறது.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. விலை தெரியாமல் எழுதும் பட்டியலில் செவ்வாய்க்கிழமை காளான், வியாழக்கிழமை பனீர், தினமும் ஆப்பிள் என்று வந்து நிற்கும். "இதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது" என்று பெற்றோர் ஒவ்வொன்றாக அடிக்கும்போது, சத்தான சாப்பாடு வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே உரியது என்ற முடிவுக்குப் பிள்ளை வந்துவிடுகிறது. கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது என்பதும், ஆப்பிளைவிட அது பெரும்பாலும் மலிவு என்பதும் அந்தப் பட்டியலில் இடம்பெற வாய்ப்பே இல்லை.

பணத்தை முதலில் கொடுக்கும் வழி இந்தக் குறையை நீக்குகிறது, ஆனால் தன் பங்குக்கு ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. பணம் மட்டுமே எல்லை என்றால் வயிற்றை நிரப்புவதையே பிள்ளை வாங்கும்: உருளைக்கிழங்கு, வெங்காயம், சேமியா. அதோடு, மிச்சம் பிடித்த காசு உனக்கே என்று சொல்லிவிட்டால், கீரைக்கட்டு முதலில் கழிந்து, அதற்கான காசு சிப்ஸ் பாக்கெட்டாக மாறிவிடும். (சிக்கனம் கற்பிப்பதாக நினைத்துப் பல வீடுகளில் இந்தச் சலுகையைத்தான் முதலில் அறிவிக்கிறார்கள்.) மிச்சம் அடுத்த வாரப் பழத்துக்கு என்று விதி இருந்தால் அந்தத் தூண்டுதல் போய்விடுகிறது.

ஆனாலும் இந்த வழியில் கிடைக்கும் ஒரு கணக்கை மற்ற வழி தருவதில்லை. பத்து ரூபாய்க்கு எவ்வளவு புரதம் கிடைக்கும் என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். ஒரு முட்டை 6 ரூபாய், அதில் புரதம் ஏறத்தாழ 6 கிராம் என்றால், பத்து ரூபாய்க்கு 10 கிராம். துவரம்பருப்பு கிலோ 160 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நூறு கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் என்ற கணக்கில் 14 கிராம் அளவுக்கு வரும். நிலக்கடலை கிலோ 140 ரூபாய் என்றால் 18 கிராம் அளவுக்கு வரும். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பைக் கணக்கில் எடுத்தால் அது 70 கிராமைத் தாண்டுகிறது. அப்படியானால் முட்டையே வேண்டாமா என்று பிள்ளை கேட்கும், கேட்க வேண்டும். முட்டைப் புரதம் தனியாகவே முழுமையானது என்பதையும், புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில் பருப்பில் குறைவதைச் சோறு ஈடுகட்டுகிறது என்பதையும் அப்போது சொன்னால் மனதில் தங்கும்.

எங்கே வாங்குவது என்பதில் எனக்குத் தயக்கமில்லை. காய்கறிக்கு உழவர் சந்தைதான் ஏற்றது: அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், காசு கையிலிருந்து குறைவது கண்ணுக்குத் தெரியும், முருங்கைக்காய் விலை ஏறிய வாரத்தில் அவரைக்கு மாறலாம் என்பது அங்கேயே புரியும். பொட்டலப் பொருள்களுக்கு சூப்பர் மார்க்கெட் உதவும். உட்பொருள்கள் எடை மிகுந்ததில் தொடங்கி வரிசையாக அச்சிடப்பட வேண்டும் என்பது சட்டம் என்பதால், சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று தேடச் சொல்லலாம். செயலியில் வாங்குவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். அங்கே கூட்டுத்தொகை தானாகவே வந்துவிடுகிறது, பிரிவின் பெயரையும் நம்பிவிட முடியாது: போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவிலிருந்து நீக்கும்படி 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகமே இணைய வணிகத் தளங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

என் தேர்வு இது. பத்து வயதுக்குக் கீழே பட்டியலை முதலில் எழுதும் வழி போதும், அதுவும் டிபன் பாக்ஸுக்கு மட்டும். அதற்கு மேல் பணத்தை முதலில் கொடுக்கும் வழியே சிறந்தது. ஆனால் தினமும் ஒரு காய், வாரம் இரண்டு முறை கீரை, நாளுக்கு ஒரு பழம் என்ற நிபந்தனைகளை மாற்ற முடியாதவையாக முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். இரண்டு வழியிலும் உடல் எடையைப் பற்றிய பேச்சு வேண்டாம். கலோரி எண்ணும் பழக்கத்தை வளரும் பிள்ளையிடம் ஏற்றுவதில் நன்மையைவிடத் தீங்கே அதிகம்.

மாதக் கடைசியில் உண்மையாகவே கை இறுகும் வீடுகளில், குறைந்த பணத்தைப் பிள்ளையிடம் கொடுத்துச் சமாளிக்கச் சொல்வது பாடமாக இருக்காது, பாரமாகத்தான் இருக்கும். அங்கே ரேஷன் பொருள்களையும் பள்ளிச் சத்துணவையும் முதல் வரியில் எழுதிப் பட்டியலைத் தொடங்கலாம். பள்ளி நாட்களில் முட்டை மதியமே கிடைத்துவிடுவதால், அதற்கு ஒதுக்கிய காசை வீட்டில் கீரைக்கும் கொய்யாவுக்கும் மாற்றிக்கொள்ளப் பிள்ளையிடமே கேட்கலாம்.