கிரீன்ஸ்கிரீன்: சலிக்க நல்ல சல்லடை, முடிவெடுக்கப் போதாது

ஆபத்தான ரசாயனத்துக்கு மாற்று தேடுபவர்களிடம் அதிகம் புழங்கும் மதிப்பீட்டு முறைகளில் ஒன்று கிரீன்ஸ்கிரீன். புற்றுநோய், நரம்பு நச்சு, மக்காத தன்மை, தீப்பற்றுதல் என 18 தலைப்புகளில் ஒரு பொருளை அலசி, பெஞ்ச்மார்க் 1 முதல் 4 வரை தரம் போடுகிறது. 1 வந்தால் தவிர்க்க வேண்டும், 4 வந்தால் முன்னுரிமை கொடுக்கலாம். தரவு போதாவிட்டால் ‘யு’.

உலோகப் பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் கரைப்பான்களை இதில் போட்டுப் பாருங்கள். டிரைகுளோரோஎத்திலீன் புற்றுநோய்க் காரணி. ஐரோப்பாவின் ரீச் என்ற ரசாயனச் சட்டப்படி 2016 ஏப்ரலுக்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாது. அதற்கு மாற்றாக வந்த 1-புரோமோபுரோப்பேன் இனப்பெருக்க நச்சு. 2020இல் அதற்கும் அதே கட்டுப்பாடு. கிரீன்ஸ்கிரீன் அளவுகோலில் இரண்டுமே 1தான். மாறுவதற்கு முன்பே இதைப் பார்த்தவருக்கு ஒரு வீண் செலவு மிச்சம்.

சறுக்குவது ஹெக்சேன் போன்ற கரைப்பான்களில். அளவுகோல்படி, நரம்பு நச்சு அதிகம் என்பது மட்டுமே ஒரு பொருளை 1க்குத் தள்ளாது, 2இல் வந்து உட்காரலாம். முன்னேற்றம் மாதிரி தெரியும். ஆனால் ஹெக்சேன், உடலுக்குள் 2,5-ஹெக்சேன்டையோனாக மாறி கைகால் நரம்புகளைக் கெடுக்கும் பொருள். அசிட்டோனும் சேர்ந்தால் பாதிப்பு கூடலாம். பிரேக் கிளீனரில் இந்த இரண்டும் சேர்ந்தே வந்ததுண்டு. அதனால் மொத்த எண்ணோடு நிற்காமல், தொடர் வெளிப்பாட்டு (திரும்பத் திரும்ப உடலில் படுவதால் வரும்) நரம்பு நச்சு என்ற கட்டத்தைத் தனியாகப் படியுங்கள். மூடிய தொட்டியில் பயன்படுத்தினாலும் ஸ்பிரே அடித்தாலும் மதிப்பெண் மாறாது. இந்த முறை அளப்பது பொருளின் ஆபத்தை. மூக்குக்குள் எவ்வளவு போகிறது என்பதை அல்ல.

லிஸ்ட் டிரான்ஸ்லேட்டர் என்ற சுருக்க வடிவமும் உண்டு. அரசுகளும் அறிவியல் அமைப்புகளும் வெளியிடும் ஆபத்துப் பட்டியல்களில் பெயர் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். பட்டியலில் சிக்காததைப் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான தவறு. பிஸ்பீனால் ஏ 2017இல் ரீச்சின் கவலைக்குரிய பொருள் பட்டியலில் ஏறியது, அதன் மாற்றான பிஸ்பீனால் எஸ் 2023இல்தான் ஏறியது.

கலவையாக வாங்கினால் பாதுகாப்புத் தரவுத்தாளில் உட்பொருள்களைச் சொல்லும் 3ஆம் பிரிவை மட்டும் நம்பாதீர்கள். ஐரோப்பிய விதிப்படி, உறுதியான புற்றுநோய்க் காரணிகளுக்கும் இனப்பெருக்க நச்சுக்கும் 0.1% என்ற வரம்புக்குக் கீழே இருப்பதை அங்கே காட்ட வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. சப்ளையரிடம் சிஏஎஸ் எண்ணோடு (ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உள்ள தனி அடையாள எண்) முழுப் பட்டியலைக் கேளுங்கள். ‘ரகசியம்’ என்று ஒரு வரியை மறைத்தால், அந்த வரிக்கு ‘யு’ போட்டுவிட்டு அடுத்த சப்ளையரைப் பாருங்கள்.