பல்கூழை மீட்க எது மேல்: ரத்த உறைவா, ஸ்டெம் செல்லா?

முன்பல் முளைத்த பிறகு அதன் வேர் முழுதாக வளர்ந்து நுனி மூட ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் அடிபட்டுப் பல்கூழ் (பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்திசு) இறந்துபோனால் வேரின் வளர்ச்சியும் அங்கேயே நின்றுவிடும். குட்டையான வேர், மெல்லிய சுவர், திறந்த நுனி. அந்தப் பல் பின்னால் சின்ன இடிக்கே முறிந்துவிடலாம். பல்கூழை மீண்டும் வளர்க்கும் முயற்சிகள் முதலில் இப்படி அடிபட்ட பிள்ளைகளுக்காகத்தான்.

வழக்கமான வழி, வேர்நுனியை எம்டிஏ என்ற சிமென்ட்டால் அடைத்து மேலே நிரப்பிவிடுவது. ஓரிரு முறை போனால் வேலை முடியும், கிருமித்தொற்றும் அடங்கும். ஆனால் சுவர் தடிக்காது, வேர் நீளாது.

அடுத்தது ரத்த உறைவு முறை. 2001இல் ஜப்பானிய மருத்துவர்கள் இப்படிக் காப்பாற்றிய ஒரு பல்லைப் பற்றி எழுதினார்கள். 2004இல் பேங்க்ஸும் ட்ரோப்பும் அதற்கு ஒரு செய்முறை தந்தார்கள். வேருக்குள் இருக்கும் கால்வாயைக் கழுவி, மருந்து வைத்துக் கிருமியை ஒழித்து, அடுத்த முறை வேர்நுனிக்கு அப்பால் மெல்லக் கீறி ரத்தம் வரவழைக்கிறார்கள். அது உறைந்ததும் மேலே மூடிவிடுகிறார்கள். ரத்தம் வரவழைக்கும் முன் இடிடிஏ என்ற கரைசலால் கழுவுவதற்கும் காரணம் உண்டு: பல்லின் உள்சுவரான டென்டினுக்குள் பூட்டிக்கிடக்கும், செல்களை வளரத் தூண்டும் பொருட்கள் அதனால் வெளியே வருகின்றன.

இந்த ரத்தத்தோடு வேர்நுனித் திசுவின் ஸ்டெம் செல்களும் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச்செல்கள்) உள்ளே வருகின்றன. 2011இல் வந்த ஓர் ஆய்வில் அவற்றின் அடையாளங்கள் கால்வாய் ரத்தத்தில் பல நூறு மடங்கு கூடுதலாக இருந்தன. அதாவது வெளியிலிருந்து எந்தப் பொருளும் வாங்காமலே இதுவும் ஒரு ஸ்டெம் செல் சிகிச்சைதான். குறை என்னவென்றால், உள்ளே வளர்வது பெரும்பாலும் நிஜப் பல்கூழ் இல்லை. வேரின் வெளிப்பூச்சான சிமென்டம் போன்ற, எலும்பு போன்ற திசுதான் அதிகம். வேர் எவ்வளவு வளரும் என்றும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சில சமயம் ரத்தமே வராது, சில பற்கள் நிறம் மாறும்.

சரி, செல்களை வளர்த்தே உள்ளே வைத்தால்? சீன மருத்துவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. பிள்ளைகளின் சொந்தப் பால்பல்லின் கூழிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை அடிபட்ட முன்பல்லில் வைத்தார்கள். 26 பேருக்கு இந்தச் சிகிச்சை, 10 பேருக்கு வழக்கமான வேர்நுனி அடைப்பு. செல் வைத்த பற்களில் வேர் நீண்டது, ரத்த ஓட்டமும் உணர்வும் திரும்பின. மீண்டும் அடிபட்டதால் பிடுங்க நேர்ந்த ஒரு பல்லைப் பார்த்தபோது, டென்டினை உருவாக்கும் செல்கள் ஒழுங்காக வரிசைகட்டி நின்றன. ரத்த உறைவு முறையில் இதைக் காண்பது அரிது. என்னை உண்மையிலேயே நெகிழவைத்த முடிவு இது.

வளர்ந்தவர்களுக்கு? 2017இல் ஜப்பானில் நகாஷிமா குழு 5 பேருக்குச் சொந்தச் செல்களை வைத்தது. 2020இல் சிலியில் 36 பேரிடம், நுனி மூடிய பற்களில் பிறரது தொப்புள்கொடிச் செல்களை ரூட் கெனாலோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். செல் வைத்தவர்களில் பாதிப் பேருக்கு உணர்வு திரும்பியது. செல் எடுக்க நோயாளியின் சொந்தப் பல் தேவைப்படாதது இதன் பெரிய வசதி. ஆனால் எல்லாம் சிறிய ஆய்வுகள், கவனித்த காலமும் குறைவு. செல்லைப் பிரித்து, கிருமியின்றி வளர்த்து, பரிசோதித்துத் தரும் கூடம் இல்லாமல் இதைச் சாதாரணக் கிளினிக்கில் செய்ய முடியாது.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். நுனி திறந்த இளம்பல்லுக்கு இன்று ரத்த உறைவு முறைதான் முதலில் கேட்க வேண்டியது. அது பலிக்காவிட்டால் எம்டிஏ இருக்கவே இருக்கிறது. வேர் முழுதாக வளர்ந்த பல்லுக்கு நல்ல ரூட் கெனால் போதும். செல் சிகிச்சையை முறையான மருத்துவ ஆய்வுக்குள் வாய்ப்பிருந்தால் ஏற்கலாம். அதற்கு வெளியே யாராவது ‘ஸ்டெம் செல் வைக்கிறோம்’ என்றால் எந்தச் செல், யாருடையது, எங்கே வளர்த்தது, யார் அனுமதித்தது என்று கேளுங்கள். அப்புறம், பல்கூழில் கொஞ்சமாவது உயிர் மிச்சமிருந்தால் இந்த அலசலே வேண்டாம். கெட்டுப்போன பகுதியை மட்டும் நீக்கி மீதியைக் காப்பாற்ற முடியுமா என்பதைத்தான் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டும்.