தென்பெருங்கடலில் கரியமில வாயுவை அளக்க: கப்பலா, மிதவையா, ஆளில்லாப் படகா?

அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலுக்குக் குளிர்காலத்தில் கப்பல்கள் அதிகம் போவதில்லை. அங்கே எதை வைத்து அளப்பது என்ற மொத்தத் தகராறும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தக் கடல் எவ்வளவு கரியமில வாயுவை உறிஞ்சுகிறது என்று கணக்குப் போட, மேற்பரப்பு நீரில் அதன் அழுத்தம் தெரிய வேண்டும்.

துல்லியத்தில் என் ஓட்டு கப்பலுக்கே. ஓடும்போதே கடல்நீரை உறிஞ்சி ஒரு மூடிய கலனுக்குள் ஷவர் போலத் தெளிப்பார்கள், உள்ளே இருக்கும் காற்று நீரோடு சமநிலைக்கு வந்ததும் அதை உலர்த்தி அகச்சிவப்புக் கருவிக்கு அனுப்புவார்கள், நடுநடுவே அளவு தெரிந்த வாயு சிலிண்டர்களைக் கொண்டு கருவியையும் சரிபார்ப்பார்கள். ஒழுங்காகச் செய்தால் பிழை 2 மைக்ரோ அட்மாஸ்பியருக்குள் (வளிமண்டல அழுத்தத்தில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) நிற்கும். ஆனால் வெப்பநிலையில் கோட்டை விட்டால் போச்சு: குழாயில் வரும் வழியில் நீர் 1 டிகிரி சூடானால் அழுத்தம் 4 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும், அதாவது 400 மைக்ரோ அட்மாஸ்பியருக்கு 16-க்கும் மேல்!

ஆர்கோ வகை மிதவை, அதாவது கடலில் தானே மூழ்கி எழும் தானியங்கிக் கருவி, கதையே வேறு. 2000 மீட்டர் ஆழம்வரை போய்ப் பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வரும், குளிர்காலம், பனிக்கட்டி எதற்கும் அஞ்சாது. ஆனால் அது வாயுவை நேரடியாக அளப்பதில்லை. பிஎச் (நீரின் அமிலத்தன்மை) அளந்து, காரத்தன்மையை (அமிலத்தை ஈடுசெய்யும் திறனை) உத்தேசமாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்து கணக்கிடுகிறார்கள். பிழை சுமார் 11 மைக்ரோ அட்மாஸ்பியர். காற்றுக்கும் கடலுக்கும் உள்ள அழுத்த வித்தியாசமே உலகச் சராசரியில் 10-க்கும் குறைவு என்னும்போது இது சின்ன விஷயமில்லை. தாறுமாறான பிழை என்றால் நிறைய அளவுகளைச் சேர்த்தால் அடங்கிவிடும், ஒரே பக்கமாகச் சாய்ந்த பிழை அடங்காது. குளிர்காலத்தில் அந்தக் கடல் நினைத்ததைவிட அதிகமாக வாயுவை வெளிவிடுகிறது என்று 2018-இல் மிதவைகளை வைத்துச் சொன்னார்கள். 2021-இல் விமான அளவீடுகளை வைத்து வந்த ஆய்வு, இல்லை, அது நன்றாகவே உறிஞ்சுகிறது என்றது.

ஆளில்லாப் பாய்மரப் படகு? 2019-இல் சேல்ட்ரோன் ஒன்று 196 நாளில் அண்டார்டிகாவைச் சுற்றிவந்தது. துல்லியம் கிட்டத்தட்ட கப்பல் அளவுக்கு. அருமைதான், ஆனால் அந்த அலைகளில் எத்தனை படகு தாங்கும் என்பது வேறு கேள்வி.

என்னிடம் ஒரு படகுக்கான பணம் மட்டும் இருந்தால், அதைத் தென்பெருங்கடலுக்குப் போய்வரும் ஒரு சப்ளை கப்பலில் மேலே சொன்ன கப்பல் கருவியை மாட்டத்தான் செலவழிப்பேன். தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணையில் 2002 முதல் ஒரே ஒரு சப்ளை கப்பல் ஆண்டுக்குப் பலமுறை கடந்து சேர்த்த தொடர் எவ்வளவு பயன்பட்டது என்று பாருங்கள். மிதவைகளின் பிஎச்சைத் திருத்தப் பயன்படும் ஆழ்கடல் மதிப்புகளும் கப்பல்கள் அளந்ததிலிருந்து வந்தவைதான்.