ரேஸ் சைக்கிள், லைசென்ஸ், பயிற்சி எல்லாம் சேர்த்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் சைக்கிள் ரேஸ் ஆசையோடு இருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். தன்னை கோச் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக வருகிறார். ரேஸ் சைக்கிள், ரேஸ் லைசென்ஸ் (போட்டியில் ஓட அனுமதிக்கும் அட்டை), போட்டிக்குப் பெயர் கொடுப்பது, பயிற்சி அட்டவணை எல்லாவற்றையும் ஒரே தொகைக்குப் பேசி முடிக்கிறார். எங்கள் வீட்டில் 82,000 ரூபாய் வாங்கினார். பணம்கூட அப்புறம். அவர் அனுப்பிய சைக்கிளில் என் அக்கா மகன் திருமயம் வரை போய் வந்திருக்கிறான் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

மருமகனுக்கு இந்த வருடம் 19. பள்ளியில் படிக்கும்போது அண்ணா பிறந்தநாள் சைக்கிள் போட்டியில் ஓடியவன். செப்டம்பர் 15-ஐ ஒட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டம்தோறும் நடத்துகிற போட்டி அது. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள். 17 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 20 கிலோமீட்டர். பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிளிலேயே ஓடி முதல் பத்துப் பேருக்குள் வந்தான். அன்று பிடித்த ஆசைதான். கல்லூரிக்குப் போன பிறகும் விடியற்காலையில் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி என்று ஓட்டிக்கொண்டே இருந்தான். "மாமா, அடுத்து நிஜமான ரோடு ரேஸ்ல ஓடணும்" என்று அவன் கேட்டபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்த நேரத்தில்தான் இந்த ஆள் அறிமுகமானார். வேறு ஊர்க்காரர். "அண்ணே, கார்பன் சைக்கிள் இல்லாம ரேஸ்ல நிக்கவே முடியாது. தம்பிகிட்ட திறமை இருக்கு, நான் கொண்டுபோய் நிறுத்துறேன்" என்றார். பையன் ஓட்டி அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. எவ்வளவு தூரம் ஓட்டுகிறான், கூட்டத்தோடு ஓட்டிப் பழக்கம் உண்டா, முழங்காலில் முதுகில் வலி ஏதாவது இருக்கிறதா, எதையும் கேட்கவில்லை. உயரம் கேட்டார், 5 அடி 5 அங்குலம் என்றோம். "பக்கா, நம்மகிட்ட இருக்கு" என்றார். சைக்கிளுக்கு 72,000, லைசென்ஸுக்கு 6,000, போட்டிக்கட்டணம் 4,000. பாதியை ஜிபேயில் முன்பணமாக வாங்கினார், மீதியை பார்சல் போடும் முன்பே வாங்கிவிட்டார்.

பெட்டி பிரித்த அன்றைக்கு வீடே கூடி நின்றது. பளபளவென்று கறுப்பும் சிவப்புமாக இருந்தது சைக்கிள். பையன் ஏறி உட்கார்ந்தான். சீட்டை அடிமட்டம் வரை இறக்கியும் கால் முழுதாக நீட்டித்தான் மிதிக்க முடிந்தது. பிரேக்கைப் பிடிக்க உடம்பை முன்னால் இழுத்துக்கொண்டு குனிய வேண்டியிருந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை மிகக் குட்டையானதாக மாற்றி அந்த நீளத்தை மறைத்திருந்தார்கள். சைஸ் ஒட்டு உரிக்கப்பட்டிருந்தது. பின்னால் அளந்தபோது அது 56 சைஸ் ஃபிரேம் என்று தெரிந்தது. அவன் உயரத்துக்கு 50-லிருந்து 52 வரைதான் பொருந்தும். போன் போட்டுக் கேட்டால், "ரேஸ் பொசிஷன் அப்படித்தான் இருக்கும், பழகிடும்" என்றார். திருமயம் போய்த் திரும்பிய அன்று பையனுக்குக் கைவிரல் மரத்துப்போய் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

சரி, சைஸ்தானே, யாரிடமாவது மாற்றிக்கொள்ளலாம் என்று திருச்சியில் ரோடு பைக் மட்டுமே பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் எடுத்துப்போனோம். அவர் முதலில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பல்சக்கரங்களை எண்ணினார். ஒன்பது. எங்களிடம் விற்றதோ "ஷிமானோ 105, பதினோரு ஸ்பீடு, முழு செட்". சங்கிலியைப் பல் மாற்றித் தள்ளும் பின் டீரெய்லரில் மட்டும் 105 என்று எழுதியிருந்தது. கையால் கியர் மாற்றும் ஷிஃப்டர் இரண்டும் சோரா, பெடலைத் தாங்கும் கிராங்கில் பெயரே இல்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கியர் சாமான் செய்கிற ஷிமானோ கம்பெனியின் ரோடு வரிசையில் கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105 என்று விலை ஏறிக்கொண்டே போகும். சோரா மோசமான சாமான் கிடையாது, புதிதாக ஓட்ட வருபவருக்கு அதுவே போதும். ஆனால் 105 விலைக்கு சோராவை விற்பது திருட்டு.

அப்புறம் அவர் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து ஃபிரேமைத் தட்ட ஆரம்பித்தார். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடையில் வேலை பார்க்கிறவன் நான். பீங்கான் ஜாடி எடுக்கும்போது விரலால் சுண்டிப் பார்த்து விரிசல் கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழில். அதனால் அவர் சொல்வதற்கு முன்பே எனக்குக் கேட்டுவிட்டது. மேல் குழாயில் "டக் டக்" என்று தெளிவாக வந்த சத்தம், கீழ்க் குழாயில் பெடல் அச்சுக்கு ஒரு சாண் மேலே வந்ததும் "தொப்" என்று அமுங்கியது. சரியாக அந்த இடத்தில்தான் பெரிய ஸ்டிக்கர் ஒன்று குழாயைச் சுற்றி ஒட்டியிருந்தது. ஹேர் டிரையரால் சூடாக்கி ஸ்டிக்கரை மெல்ல உரித்தார். கீழே பட்டி போட்டுத் தேய்த்து மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். நகத்தால் கீறியதும் பட்டி பொடியாக உதிர்ந்தது. உள்ளே குழாயின் பாதிச் சுற்றுக்கு விரிசல் ஓடியிருந்தது.

கார்பனைப் பற்றி, அதாவது ரெசின் பசையில் அடுக்கடுக்காக ஒட்டிய கார்பன் துணியைப் பற்றி, ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இரும்போ அலுமினியமோ அடிபட்டால் பெரும்பாலும் நெளிவது, பள்ளம் விழுவது கண்ணுக்குத் தெரியும். கார்பன் உள்ளுக்குள் அடுக்கு அடுக்காகப் பிரிந்திருந்தாலும் வெளியே சின்ன கீறல்தான் தெரியும், சில நேரம் அதுவும் தெரியாது. விட்டுப்போகும்போது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் முறிந்துவிடும். விரிசல் விட்ட கார்பனை முறையாகச் சரிசெய்ய முடியும்தான். கெட்ட பகுதியைத் தேய்த்து எடுத்து, புது கார்பன் துணியை ரெசினோடு அடுக்கு அடுக்காக ஒட்டித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதைச் சொல்லி விற்றால் குற்றமில்லை. இங்கே நடந்தது வெறும் பூச்சுவேலை. திருமயம் ரோட்டில் பின்னால் லாரி வரும்போது அந்தக் குழாய் முறிந்திருந்தால்? அக்காவுக்கு இன்றுவரை இதை முழுதாகச் சொல்லவில்லை.

போட்டோக்களை அனுப்பினோம். "பார்சல்ல அடிபட்டிருக்கும்" என்று ஒரு பதில் வந்தது. பார்சலில் அடிபட்ட விரிசல் மேல் பட்டி போட்டு, பெயிண்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டியது யார் என்று கேட்டேன். நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

லைசென்ஸும் அதே கதைதான். லேமினேட் செய்த ஒரு அட்டை வந்தது. பிரிவு: ஜூனியர். இரண்டு வருடத்துக்குச் செல்லும் என்று போட்டிருந்தது. உலக சைக்கிள் அமைப்பான யு.சி.ஐ. விதிப்படி ஜூனியர் என்பது 17, 18 வயது. பிறந்த நாளைப் பார்ப்பதில்லை, பிறந்த வருடத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். இந்த வருடம் 19 ஆகிறவன் ஜூனியராக இருக்கவே முடியாது, 23 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்குப் போய்விடுவான். நிஜமான ரேஸ் லைசென்ஸ் செல்லுபடியாவதும் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை, ஒரு வருடத்துக்கு மட்டும்தான். அதைத் தருகிற உரிமை அந்தந்த நாட்டின் தேசிய அமைப்புக்குத்தான் உண்டு. இந்தியாவில் அது சைக்கிளிங் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா. மாநிலச் சங்கத்தில் விசாரித்தோம், பையன் பெயரில் எந்தப் பதிவும் இல்லை. பெயர் கொடுத்ததாகச் சொன்ன போட்டி இரண்டு தடவை தள்ளிப்போய், பிறகு பேச்சே இல்லாமல் போனது.

பயிற்சி அட்டவணையைப் பார்த்தாலே ஆளைப் புரிந்துகொள்ளலாம். வாரம் இரண்டு நாள் 8 கிலோமீட்டர் மலையேற்றம் என்று எழுதியிருந்தார். செட்டிநாட்டில் 8 கிலோமீட்டர் ஏற்றத்துக்கு எங்கே போவது? தை மாதத்தில் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நகரத்தார் பாதயாத்திரை கிளம்பி ரோடு முழுக்க ஆட்கள் நடக்கிற நாட்களிலும் அதே ரோட்டில் முழு வேகத்தில் ஓட்டச் சொல்லியிருந்தார். எங்கேயோ எடுத்த அட்டவணையில் பையன் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்.

"ஏழரை கிலோதான் எடை" என்று அவர் அடிக்கடி சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், இந்த வார்த்தையில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். யு.சி.ஐ. போட்டிகளிலேயே சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. எடை உண்மையில் உறைக்கிற இடம் ஏற்றம். நம் பக்கம் சமதரை. இங்கே எதிரி காற்றுதான். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி, காற்று மறைவில் ஓட்டத் தெரிந்தவன் பத்து கிலோ அலுமினியம் சைக்கிளிலும் நிற்பான். அதற்குப் பழக்கம் வேண்டும்: வளையாமல் நேர்கோட்டில் ஓட்டுவது, திடீரென்று பிரேக் அடிக்காமல் இருப்பது, குழி வந்தால் பின்னால் வருபவருக்குக் கையைக் காட்டுவது. நல்ல கோச் இதைத்தான் முதலில் பார்ப்பார். ஓட்டச் சொல்லிப் பார்க்காமலே பணம் கேட்கிறவர் வியாபாரி, அவர் சொல்கிற சைஸையும் போட்டியையும் நம்பாதீர்கள்.

இதே ஆளிடம் தேவகோட்டைப் பக்கம் ஒரு குடும்பம் எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு, அண்ணா போட்டிக்கென்றே, வெளிநாட்டுக் கியர் சைக்கிள் வாங்கியிருக்கிறது. அந்தப் போட்டியில் இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிளைத்தான் அனுமதிப்பார்கள். பிள்ளையைத் தொடக்கக் கோட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதைக் கேட்டபோது எங்கள் பணம் போனதைவிடக் கோபம் வந்தது. ஆரம்பிக்கிற பிள்ளைக்கு வீட்டில் இருக்கிற சைக்கிளும் நல்ல ஹெல்மெட்டும் போதும். ஹெல்மெட்டின் உள்பக்கம் இ.என் 1078 போன்ற தர முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இவர் "இலவசமாக" அனுப்பியதில் எந்த முத்திரையும் இல்லை.

இரண்டாம் கையில் வாங்குவதானால் நேரில் போய், பிள்ளையையும் கூட்டிப்போய், வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் ஃபிரேம் எண் இருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் திருட்டு சைக்கிளாக இருக்கலாம், திரும்பி வந்துவிடுங்கள். ஸ்டிக்கர் பெயிண்டைவிடப் புதிதாக இருந்தால் உரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்க வேண்டாம்.

நாங்கள் 1930-க்குப் போன் செய்து சைபர் புகார் பதிந்திருக்கிறோம். பணம் போன உடனே, அந்த மணி நேரத்துக்குள் கூப்பிட்டால்தான் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். நுகர்வோர் உதவிக்கு 1915 இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சிவகங்கையில் போடுவதற்குக் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். மெக்கானிக் எழுத்தில் அறிக்கை கொடுத்திருக்கிறார்.

இதே மாதிரி யாரிடமாவது லைசென்ஸும் சைக்கிளும் சேர்த்து வாங்கியவர்கள் வாட்ஸ்அப் பேச்சையும் ஜிபே ரசீதையும் அழிக்காமல் வைத்திருங்கள், பார்சல் பெட்டியில் ஒட்டிய சீட்டையும் கிழித்துப் போடாதீர்கள். கார்பன் சைக்கிள் என்றால் இன்றைக்கே ஸ்டிக்கர்களை உரித்து, கீழ்க் குழாயையும் முன் ஃபோர்க்கையும் தட்டிப் பாருங்கள். சத்தத்தில் சந்தேகம் வந்தால் மெக்கானிக் பார்த்துச் சொல்லும் வரை பிள்ளையை அதில் ஏற விடாதீர்கள்.