திரையிடலுக்கு முதல் கோப்புகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருதல்: ஹான்ட்பிறேக்கும் எஃப்எஃப்எம்பெக்கும்

யாழ்ப்பாணத்தில் நண்பர்களோடு சேர்ந்து குறும்படங்கள் திரையிடுகிறோம். ஒருமுறை சனசமூக நிலையமாக இருக்கும், இன்னொருமுறை பள்ளிக்கூட மண்டபமாக இருக்கும். படங்களைத் திரட்டுவதையும் ஆட்களைக் கூப்பிடுவதையும் மற்றவர்கள் பார்க்க, வருகிற கோப்புகளைத் திரைக்குத் தயார்படுத்துவது பல வருடமாக என் பொறுப்பு. படம் எடுத்த பெடியனோ பெட்டையோ அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருக்கும்போது, சத்தம் முன்னே போக வாய் பின்னே அசைந்தால் அந்தப் படத்துக்கு நாங்கள் செய்த அநியாயம் அது. அதனால் இந்த விசயத்தில் நான் கொஞ்சம் கறார்.

கோப்பு கையில் வந்ததும் முதலில் மீடியாஇன்ஃபோவில், அதாவது கோப்பின் உள்விபரங்களைக் காட்டும் மென்பொருளில், போட்டுப் பார்ப்பேன். எம்.பி.4 என்று பெயர் இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, உள்ளே படத்தைச் சுருக்கிவைக்கும் முறை (கோடெக்) எச்.264 ஆக இருக்கலாம், எச்.265 ஆக இருக்கலாம், நொடிக்கு 24 பிரேம், 25, 29.97 என்று ஏதும் இருக்கலாம். பழைய கசெற்றில் இருந்து எடுத்ததென்றால் 720×576, அதுவும் இன்டர்லேஸ், அதாவது ஒவ்வொரு பிரேமும் ஒன்றைவிட்டு ஒரு வரியாக இரண்டு பாதியாகப் பதிந்திருக்கும். அந்த அளவோடு விகிதம் 16:9 என்று காட்டினால் பிக்சல் சதுரம் இல்லை என்று அர்த்தம், கவனிக்காமல் மாற்றினால் எல்லார் முகமும் ஒடுங்கிப் போகும். வாட்ஸ்அப்பில் வந்த கோப்பென்றால் நான் வேலையே தொடங்குவதில்லை, மூலக் கோப்பை டிரைவில் ஏற்றச் சொல்லிவிடுவேன்.

பெரும்பாலான வேலைக்கு ஹான்ட்பிறேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் போதும். இலவசம், பழைய லப்டொப்பிலும் ஓடும், புதிதாக வருகிற ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் அதன் ஆயத்த அமைப்புகளை அப்படியே நம்பக்கூடாது. போனில் எடுத்த வீடியோவில் பிரேம் வேகம் நிலையாக இருக்காது, வெளிச்சம் குறைந்தால் வேகமும் குறையும். ஆயத்த அமைப்பில் பெரும்பாலும் உச்ச வேகம் என்றுதான் தெரிவாகி இருக்கும், அதை நிலையான வேகம் என்று மாற்றிவிட வேண்டும். போன் படங்களில் சத்தம் போகப்போக விலகுவதற்கு நான் கண்ட முதல் காரணம் இந்த நிலையில்லாத வேகம்தான். கறுப்பு ஓரங்களைத் தானாக வெட்டுகிற வசதியையும் நிறுத்திவிடுங்கள், இருட்டுக் காட்சிகள் நிறைந்த படத்தில் அது வெட்டக்கூடாத இடத்தையும் வெட்டும். தரத்தைக் குறிக்கும் ஆர்.எஃப். எண்ணை 18 வைக்கிறேன் (எண் குறையக் குறையத் தரம் கூடும்), கோப்பு பெருக்கும், பெருக்கட்டும்.

ஒரு படம் முணுமுணுக்க அடுத்த படம் காதைக் கிழிப்பதுதான் எங்கள் திரையிடல்களில் சனம் அதிகம் குறைப்பட்ட விசயம். அதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு மென்பொருள் வேண்டும். கட்டளைகளைத் தட்டித்தான் ஓட்ட வேண்டும், முதல் கிழமை தலையிடிதான், ஆனால் ஒருமுறை எழுதிவைத்த கட்டளை எல்லாப் படத்துக்கும் உதவும். அதில் லவுட்னோர்ம் என்றொரு வடிகட்டி உண்டு, ஐரோப்பிய ஒலிபரப்புக்காரர் வகுத்த ஆர்128 அளவுகோலை வைத்து ஒலியைச் சமப்படுத்தும், அந்த அளவுகோலின் இலக்கு -23 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் ஒலியளவின் அலகு). ஒரே ஓட்டத்தில் விட்டால் அது நேரத்துக்கு நேரம் ஒலியைக் கூட்டிக் குறைக்கும், இயக்குநர் வேண்டுமென்றே விட்ட மௌனத்தில் மின்விசிறி இரைச்சல் எழும்பி வரும். அதனால் முதல் ஓட்டத்தில் அளந்து, அந்த எண்களைக் கொடுத்து இரண்டாம் ஓட்டத்தில் மாற்ற வேண்டும். மாதிரி விகிதத்தை (நொடிக்கு எத்தனை தடவை ஒலியை அளந்து பதிவது என்ற எண்ணை) 48,000 என்று நீங்களே கொடுங்கள், இல்லையென்றால் 192,000-இல் கொண்டுபோய் விடும்.

சரி, பிரேம் வேகத்தையும் ஒன்றாக்க வேண்டுமா? வேண்டாம் என்பதுதான் என் முடிவு. 24-ஐ 25 ஆக்கினால் ஒன்றில் நொடிக்கு ஒரு பிரேம் இரட்டிக்கும், கமரா மெதுவாகத் திரும்பும் இடத்தில் அந்தத் திக்கல் கண்ணில் குத்தும், இல்லையென்றால் படம் 4 வீதம் வேகமாக ஓடும். அளவு, கோடெக், ஒலி மூன்றையும் ஒன்றாக்கிவிட்டு வேகத்தை அந்தந்தப் படத்தின் போக்கிலேயே விடுகிறேன். எல்லாவற்றையும் ஒரே நீளக் கோப்பாக ஒட்டுவதும் இல்லை, எம்.பி.வி. பிளேயரில் பட்டியல் போட்டு வரிசையாக ஓட்டுகிறேன். வி.எல்.சி. பிளேயர் எல்லாரிடமும் இருக்கிறதுதான், ஆனால் படம் தொடங்கும்போது கோப்பின் பெயரை அது திரையில் காட்டும், அமைப்பில் போய் நிறுத்தினால்தான் போகும். ‘கடைசி எடிட் புதுசு 2’ என்ற பெயரோடு ஒருவரின் படம் தொடங்குவதை நான் விரும்பவில்லை.

புதிய ஐபோன்களில் வருகிற எச்.டி.ஆர். (வெளிச்ச வீச்சு கூடிய) படங்களைச் சாதாரண 8 பிட்டுக்குச் சும்மா மாற்றினால் சாம்பல் பூசினது மாதிரி வரும், டோன்மப் செய்தே, அதாவது அந்த வெளிச்ச வீச்சைச் சாதாரணத் திரைக்கு ஏற்றபடி ஒடுக்கியே ஆக வேண்டும். நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்துக்கு இரண்டு பக்கமும் வெறும் கறுப்பு விடுங்கள், மங்கலாக்கிய படத்தை நிரப்ப வேண்டாம்.

எங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்று உண்டு, உபதலைப்பு. இன்னும் பலர் பாமினி என்ற யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டித்தான் அனுப்புகிறார்கள், யூனிகோட் எழுத்துருவில் திறந்தால் புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியாக நிற்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, பிறகு ஒருவர் இருந்து வாசித்துப் பார்க்க வேண்டும். சில பிளேயர்களில் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி விழும், ஆகவே நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் பெயர் சொல்லிக் கொடுத்துப் படத்தோடேயே பதித்துவிடுகிறேன். பதிக்காத பிரதியும் தனியாக இருக்கும், பிழை பிடிபட்டால் திரும்பச் செய்ய.

முடிந்த கோப்புகளை எக்ஸ்ஃபட் வடிவில் உள்ள டிஸ்க்கில் போடுங்கள், ஃபட்32 என்றால் 4 ஜி.பி.க்கு மேல் ஒரு கோப்பு ஏறாது. இன்னொரு பிரதி லப்டொப்பில் இருக்கட்டும். மண்டபத்தில் ஒவ்வொரு படத்திலும் கடைசி இரண்டு நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள், சத்தம் விலகியிருந்தால் அங்கேதான் நன்றாகத் தெரியும்.