ரெய்னேயா, ஹென்னிங்ஸ்வேரா?

நார்வேயின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி இருக்கின்றன லொஃபோடன் தீவுகள். அங்கே ஒரே ஒரு மீனவ ஊரில்தான் தங்க முடியும் என்றால் எதில் தங்குவது?

படங்களில் நாம் அதிகம் பார்ப்பது ரெய்னே. செங்குத்தான மலைகள், அமைதியான கடல்நீர், கரையோரம் மீனவர்களுக்காகக் கட்டிய சிவப்பு மரவீடுகள். ரெய்னேபிரிங்கென் மலைக்கு (448 மீட்டர்) நேபாளத்து ஷெர்பாக்கள் கற்படிகள் அமைத்திருக்கிறார்கள். ஏறினால் முழங்கால் கெஞ்சும், ஆனால் மேலிருந்து தெரியும் காட்சிக்கு அது தகும். நார்வே பெருநிலத்திலுள்ள பூடோ நகரிலிருந்து தீவிலுள்ள மொஸ்கெனெஸ் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்தால் ரெய்னே பக்கம்தான். கோடையில் கூட்டம் நெரியும், கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம்.

ஹென்னிங்ஸ்வேர் சின்னச் சின்னத் தீவுகளில் பரவிய ஊர், பாலங்கள் வழியே போகலாம். பாறைகளுக்கு நடுவே உள்ள கால்பந்து மைதானம் பிரபலம். விமான நிலையமுள்ள ஸ்வோல்வேர் அருகில் இருப்பதால் கார் இல்லாதவர்களுக்கு இது சுலபம். கஃபே, கலைக்கூடம் எல்லாம் நடை தூரம்.

என் ஓட்டு ஹென்னிங்ஸ்வேருக்கு. அதுவும் மார்ச் மாதத்தில். அப்போது காட் மீன் பருவம். துறைமுகம் பரபரப்பாக இருக்கும். உப்பே போடாமல் குளிர்காற்றில் மட்டும் உலரும் கருவாடு மரச்சட்டங்களில் வரிசையாகத் தொங்கும். மலையேற்றமே முக்கியம் என்பவர்கள் செப்டம்பரில் ரெய்னேவுக்குப் போகலாம். கூட்டம் குறைந்திருக்கும், இரவில் துருவ ஒளி தெரியவும் வாய்ப்புண்டு.